அனத்தா நீ

அம்மாவின் வாயை இவ்வளவு இறுக்கமாக மூடியிருக்க வேண்டியதில்லை என்று ஆதிரைக்குப் பட்டது. சவத்தை ஆயத்தம் செய்த மலர்ச்சாலைக்காரர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். தாடையை எப்படியோ கட்டி, உதட்டோடு உதடு சேர்த்து, சத்தமே போடாத ஒரு மனுசியைப் படுக்கவைத்திருந்தார்கள். மகாதேவி நித்திரையில்கூட வாயை மூடாதவள். மேல்மாடி ஜெர்மன்காரர் வீட்டு நிர்வாகத்துக்கு இரண்டுமுறை முறைப்பாடு எழுதிப்போட்ட வாய் அது.

"கொய்யகத்தைப் பிடி பிள்ளை, வழுகுது," என்றாள் ஸ்வர்ணா சின்னம்மா. அம்மாவின் தங்கை. விடியவே பாரிசிலிருந்து ரெயிலில் வந்து, முகம்கூடக் கழுவாமல் அக்காவுக்குக் கூறைச் சேலை உடுத்திக்கொண்டு நின்றாள்.

ஆதிரை சேலை மடிப்பைப் பிடித்தாள். காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை செய்கிறவள். கிழவர்களின் காதுக்குள் பசை விட்டு அச்செடுத்துப் பழகிய கை. அழுகை வேறு, வேலை வேறு என்பது அவளுடைய கொள்கை. அழுகையை முந்தநாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு முடித்திருந்தாள், அல்லது முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள்.

"பாடுறதெண்டுதான் நிக்கிறியோ?" என்று சின்னம்மா கேட்டாள்.

"ஓம்."

"பெரியப்பா விடமாட்டார்."

"இது அவரின்ரை செத்த வீடில்லைத்தானே."

சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து சேலைக் கரையைச் சரிசெய்வதுபோல அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டாள்.

பிரச்சினை பாட்டுப் பாடுவதில் இல்லை. செத்த வீட்டில் பாட்டு உண்டு. தேவாரம் உண்டு, வாசனைச் சுண்ணப்பொடி இடிக்கும்போது பாட்டு உண்டு. ஆதிரை பாடப்போவது ஜப்பானியப் பாட்டு. அதுவும் கரோக்கிப் பாட்டு. மகாதேவியின் கரோக்கியைப் பற்றிச் சொந்தபந்தத்துக்குப் பாதிதான் தெரியும். மற்றப் பாதிக்கு அப்பா 'ஓவர்டைம்' என்று பெயர் வைத்திருந்தார்.

மகாதேவி டுசல்டோர்ஃபில், ஜப்பான்காரர்கள் வரிசையாகக் கடை வைத்திருக்கும் தெருவில், ஒரு பேக்கரியின் பின்கட்டில் பணிஸ் சுட்டவள். நடுவில் இனிப்பு அவரைக் களி வைத்த பணிஸ். ஜப்பானிய மொழியில் ஒரு சொல் தெரியாமல்தான் வேலைக்குப் போனாள். சொற்களுக்கு முன்பு பாட்டுகள் வந்தன. மாக்குழைக்கும் மெசினுக்கு மேலே ஒரு ரேடியோ. அதில் நாள் முழுக்க அந்த ஊர்ப் பாட்டு. ஒரு வருடக் கடைசியில் முதலாளியம்மா ஹருமி வேலைக்காரர் எல்லாரையும் அதே தெருவில் இருந்த கரோக்கி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சமையலறை அளவு அறை, இரண்டு சோபா, ஒரு ரிவி, ஒரு ரிமோட். மகாதேவியின் கையில் மைக்கைத் திணித்தார்கள். அவள் மாக் குழைத்தபோது கேட்ட ஒரு பாட்டைக் கேட்டபடியே பாடினாள்.

ஜப்பானியப் பாட்டில் ஒரு வகை உண்டு. எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் பிடிக்கும், ஒருவரும் பாடத் துணியமாட்டார்கள். கீழே நல்லபிள்ளையாக நடந்துகொண்டுபோய்த் திடீரென்று மேலே பாயும். மூச்சுவிட இடம் வைக்காமல் சொற்களை அடுக்கும். அதையும் ஒருமாதிரிச் சமாளித்துவிட்டோம் என்று இருக்கும்போது, கடைசிப் பல்லவியை அரைச் சுரம் உயர்த்தி வைத்து இன்னொருமுறை பாடு என்று சொல்லும். இளம் பெட்டைகள்கூட ரிமோட்டை எடுத்துக் கீயை, பாட்டின் சுருதியை, மூன்று நாலு படி இறக்கிவிட்டுத்தான் தொடங்குவார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பட்டன் அதற்காகத்தான் இருக்கிறது.

மகாதேவிக்கு அந்தப் பட்டன் இருப்பதே தெரியாது. உள்ள சுருதியில் பாடி, அந்தப் பாய்ச்சலைப் பாய்ந்து, அரைச் சுரம் உயர்ந்த கடைசிப் பல்லவியையும் பாடிவிட்டு மைக்கை மேசையில் வைத்தாள். ஹருமி எழும்பி நின்று கைதட்டினாளாம். அதற்குப் பிறகு பட்டனைக் காட்டிக் கொடுத்தார்கள். மகாதேவி அதைத் தொடவேயில்லை. "கிடைக்கிற உயரத்தை ஏன் விடவேணும்?" என்பாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஓவர்டைம் அப்படித்தான் தொடங்கியது. அந்த அறையில் அவளுக்கு மரியாதையோடு 'தேவி சான்' என்று பெயர். அவள் வந்தால் மற்றவர்கள் கஷ்டமான பாட்டுகளைத் தேடி எடுத்து முன்னால் போடுவார்கள், சண்டைக்கோழிக்கு எதிராளி பிடிக்கிறமாதிரி.

ஆதிரையும் பதினாறு வயதிலிருந்து கூடப் போனாள். நன்றாகப் பாடுவாள், ஆனால் அம்மாவின் உயரம் அவளுக்கு இல்லை. அம்மா சொல்லிக்கொடுப்பதை விடவில்லை.

"எட்டிப் பிடிக்காதை. அலுமாரிக்கு மேலை இருக்கிற சாமானை எட்டி எடுத்தால் தலையிலைதான் விழும். கதிரையிலை ஏறி நிண்டு எடு. மேலை போறதுக்கு முதலே நீ மேலை நிக்கவேணும்."

இன்னொன்றும் சொல்லுவாள். ஜப்பான்காரரின் சொற்கள் பெரும்பாலும் வாய் திறந்தபடிதான் முடிகின்றன, அதனால் உயரத்துக்கு வசதி. தமிழில் ம் வந்து வாயைச் சாத்திவிடும். இ மட்டும்தான் எந்த மொழியிலும் கஷ்டம், தொண்டையை இறுக்கும். "இ வந்தால் சிரி. சிரிச்சால் இடம் கிடைக்கும்."

அப்பா யோகலிங்கத்துக்கு இந்த விஷயத்தில் சொல்ல ஒன்றுதான் இருந்தது. கிழமை நாட்களில் தபால் நிலையத்தில் பொதி பிரிப்பவர், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். பிள்ளைகள் ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கிவிடுகின்றன என்பதே வாழ்க்கையின் பெரிய கவலை. "ஒரு ல கூட இல்லாத பாஷையிலை போய்ப் பாடுறாய்," என்பார். ஒருநாள் குசினியில் மகாதேவி ரெயில் பாட்டைப் பாடிக்கொண்டு நின்றபோது பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழும்பி வந்தார்.

"ஏனப்பா, என்னைப் பாத்து அநாதை நீ, அநாதை நீ எண்டு ஏசுறாய்?"

மகாதேவி அகப்பையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். ரெயில் பாட்டு என்பது வீட்டில் வைத்த பெயர். ஸ்டேசனில் நிற்கிற ஒரு பெண், தன்னிடம் மிச்சமிருக்கிற வெயிலை, மழையை, குடையை, ஒவ்வொன்றாக ஒரு ஆளுக்கு விட்டுவிட்டுப் போகிறாள் என்று ஹருமி விளக்கியிருந்தாள். ஒவ்வொரு பல்லவியும் 'அனத்தா நி' என்று முடியும். அந்தக் கடைசி நி தான் பாட்டின் உச்சி. ஹருமியே அதை எட்டியதில்லை.

"அநாதை இல்லையப்பா, அனத்தா. மனிசி மனிசனைக் கூப்பிடுறது. எங்கடை 'இஞ்சாருங்கோ' மாதிரி. அனத்தா நி எண்டால் உங்களுக்கு."

"எனக்கென்ன?"

"எல்லாம்தான்."

அப்பா பேப்பருக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு மகாதேவி அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் பேப்பரில் தாள் புரளாமல் நிற்பதை ஆதிரை கவனித்திருக்கிறாள்.

மலர்ச்சாலையிலிருந்து தகன மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது சனம் வாசலில் நிறைந்து நின்றது. கொலோனிலிருந்து ஒரு பஸ்ஸே வந்திருந்தது. பெரியப்பா கனகலிங்கம் கறுப்புக் கோட்டுக்குக் கீழே வேட்டியோடு ஆட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அப்பாவின் தமையன். கொலோன் வட்டாரத்தில் எந்தச் செத்த வீடென்றாலும் குருக்களைப் பிடிப்பது, பந்தல் தடி முதல் சுண்ணம் இடிக்கிற சின்ன உரல் வரை காரில் ஏற்றி வருவது எல்லாம் அவர்தான். அவர் இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்பதென்றே தெரியாது. அதை அவரும் அறிவார்.

மண்டபத்துப் பொறுப்பாளர் ஜூலியன் என்ற இளம் ஆள். மண்டபம் ஒரு மணித்தியாலத்துக்கு என்று பணிவாகச் சொன்னான். முன்னால் பெட்டி வைக்கும் மேடையையும், சுவரில் இருந்த பட்டனையும் காட்டினான். எல்லாம் முடிந்ததும் அதை அழுத்தினால் மேடை பெட்டியோடு கீழே இறங்கும். கீழேதான் எரிக்கிற இடம். குடும்பத்திலிருந்து யாராவது சைகை காட்டினால் போதும், அதுவரை தொடமாட்டேன் என்றான்.

பெரியப்பா ஆதிரையைத் தனியறைக்குக் கூப்பிட்டார். அப்பா ஏற்கெனவே அங்கே ஒரு கதிரையில் இருந்தார். வேட்டி, வெள்ளைச் சேர்ட், அதற்கு மேலே தோளில் போட்டிருந்த குளிர் ஜாக்கெட். ஆதிரையைக் கண்டதும் தலையை ஆட்டினார்.

"உந்த யப்பான் பாட்டு வேண்டாம், பிள்ளை," என்றார் பெரியப்பா. கோபமில்லாமல்தான் சொன்னார். "உனக்குப் பாடவேணும் எண்டால் தேவாரம் பாடு. நானே மைக்கைத் தாறன். இது சனம் சிரிக்கிற கதை."

"அம்மா கேட்டவ, பெரியப்பா. என்னை அனுப்பேக்கை ரெயில் பாட்டைப் பாடு எண்டவ."

"எப்ப கேட்டவ?"

"ஆஸ்பத்திரிக்குப் போன முதல் கிழமை."

"வருத்தக்காரர் நூறு சொல்லுவினம், மோனை. நான் எத்தினை செத்த வீடு பாத்திட்டன். சொன்னதெல்லாத்தையும் செய்ய ஏலாது. கடைசியா என்ன சொன்னவ? அதுதான் கணக்கு. கடைசிச் சொல்லை மீறக்கூடாது." அப்பாவின் பக்கம் கையைக் காட்டினார். "கடைசியா அவ தம்பியோடைதான் கதைச்சவ. பாட்டைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னவவோ? சொன்னவ எண்டால் நான் குறுக்கை நிக்கமாட்டன்."

ஆதிரை வாயைத் திறந்தாள்.

அம்மாவின் கடைசிச் சொல் என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். போன வியாழக்கிழமை பின்னேரம் அம்மாவின் கட்டிலோரம் இருந்து ரெயில் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். போனில் பின்னணி இசை. மூச்சுக் குழாயோடு கண்மூடிக் கிடக்கிற மனுசிக்குத்தானே என்று கீயை மூன்று இறக்கி வைத்திருந்தாள். ஜன்னலோரம் அப்பா தேத்தண்ணிக் கப்போடு நின்றார். தாதி வந்து கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டுப் போனாள். அப்போது அம்மா கண்ணைத் திறந்து, உதடு விரிய, "இறக்கா..." என்றாள். அதற்குமேல் மூச்சு இல்லை. மிச்ச எழுத்து உள்ளேயே போய்விட்டது. பிறகு பேசவில்லை, இரவுக்குள் முடிந்தது.

அந்த மிச்ச எழுத்தில்தான் எல்லாம் இருந்தது. 'இறக்காதை' என்றால் மகளுக்கு. 'இறக்காதேங்கோ' என்றால் கணவனுக்கு. மகாதேவி ஒருநாளும் மகளை -கோ போட்டுக் கூப்பிட்டதில்லை, கணவனை -தை போட்டுக் கூப்பிட்டதில்லை. தாதி தலைமாட்டைத் தாழ்த்தியதால் கட்டிலை இறக்காதே என்று சொல்லியிருப்பாள் என்பது போனில் கதை கேட்ட சின்னம்மாவின் கட்சி. அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"என்னைப் பாத்துச் சொன்னவ. 'இறக்காதேங்கோ' எண்டவ. நீங்கள் இருக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ. சிரிச்சுக்கொண்டு சொன்னவ."

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் அதைச் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். ஆதிரைக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. சாவதை இறப்பது என்று யார் வீட்டில் கதைக்கிறார்கள்? அது புத்தகச் சொல். மரண அறிவித்தலில் வரும், அம்மாவின் வாயில் வராது. சிரித்ததும் அவருக்காக அல்ல. சொல் இ-யில் தொடங்குகிறது.

ஆனால் அவள் அவரைத் திருத்தவில்லை. காரணம் அப்பாவின் மருந்துக் குளுசைகள். அவருக்கு இருதய வருத்தம். மகாதேவி காலையும் இரவும் கத்தினால்தான் குளுசை உள்ளே போகும். அம்மாவுக்கு வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து "அவ போனால் நானும் பின்னாலை போறன்" என்று சொல்லிக்கொண்டு குளுசைப் பெட்டியையே தொடாமல் திரிந்தவர். வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெட்டியைத் தானே திறந்து, தானே தண்ணீர் எடுத்து விழுங்கினார். ஒருவரும் சொல்லவில்லை. அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறார் என்று ஆதிரைக்கு விளங்கியது. அதைக் கையிலிருந்து பறிக்க அவளால் முடியாது.

இப்போது பெரியப்பா கேட்கிறார். அம்மா கடைசியாகச் சொன்னது பாட்டைப் பற்றித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாட்டு நடக்கும். அப்பாவின் சொல் போய்விடும். அவர் கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டின் ஒரு கை தோளிலிருந்து சரிந்து தொங்கியது.

"இல்லை," என்றாள் ஆதிரை. "பாட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"பிறகென்ன," என்று பெரியப்பா அவளுடைய தோளில் தட்டிவிட்டு வெளியே போனார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை அம்மா காதுகேட்காத தூரத்துக்குப் போன மறுகிழமையே உடைத்துவிட்டாள். அப்பாவின் ஜாக்கெட்டைச் சரியாக்கிவிட்டு மண்டபத்துக்குள் போனாள். அப்பா அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

கிரியை தொடங்கியது. பெரியப்பாவின் சின்ன உரலில் பெண்கள் மாறி மாறிச் சுண்ணம் இடித்தார்கள். அப்பா குருக்கள் சொன்னதைச் செய்தார். குனி என்றால் குனிந்தார், சுற்று என்றால் சுற்றினார். ஹருமியும் பேக்கரிக்காரர் நாலைந்து பேரும் கறுப்பு உடையில் பின் வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் வந்ததும் பெரியப்பா அவர்களையும் கைகாட்டி அழைத்தார். அந்த விஷயத்தில் அவர் குறை வைக்கிற ஆள் இல்லை. ஹருமி முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்துப் பார்த்து அதேமாதிரி அரிசியை அள்ளினாள். மூடிய உதட்டில் பட்டு அரிசி இரண்டு பக்கமும் வழிந்தது. ஆதிரை போட்டபோதும் அப்படித்தான். ஒரு மணிகூட உள்ளே போக இடமில்லை.

தேவாரம் முடிந்தது. இரங்கலுரைக்கு அப்பாவை அழைத்தார்கள். அவர் மைக்குக்கு முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல முதலில் மைக்கின் உயரத்தைச் சரிசெய்தார்.

"அன்பான உறவுகளே," என்று எழுத்துத் தமிழில் தொடங்கினார். மகாதேவி பிறந்த ஊர், பெற்றோர் பெயர், ஜெர்மனிக்கு வந்தது, வேலை செய்த இடம் எல்லாம் வரிசையாக வந்தன. பிறகு நின்றுவிட்டார். சனம் காத்திருந்தது. அந்தக் கடைசிச் சொல் வரப்போகிறது என்று முன்வரிசைப் பெண்கள் கண் துடைக்க லேஞ்சியை எடுத்துவிட்டார்கள்.

"அவ கடைசியாச் சொன்ன சொல்லை உங்கள் எல்லாருக்கும் சொன்னனான்," என்றார் அப்பா. எழுத்துத் தமிழ் போய்விட்டது. "அதிலை ஒரு பிழை விட்டிட்டன். தமிழ் படிப்பிக்கிறவன் விடக்கூடாத பிழை. 'இற' எண்ட சொல்லுக்கும் இறக்காதே எண்டுதான் வரும். 'இறக்கு' எண்ட சொல்லுக்கும் இறக்காதே எண்டுதான் வரும். எது எண்டு தெரியவேணும் எண்டால் பக்கத்திலை என்ன நடந்தது எண்டு பாக்கவேணும். இதை நான் வருசாவருசம் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கிறனான்."

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்திலை பாட்டு நடந்தது. பிள்ளை சுருதியை இறக்கிப் பாடினவள். என்ரை மனிசிக்கு அது பிடிக்காது. அவ என்னோடை கதைக்கேல்லை. பிள்ளையோடைதான் கதைச்சவ. எனக்கு அண்டைக்கே தெரியும்." மைக்கைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சும் எனக்கெண்டு எடுத்து வைச்சிருந்தனான். ஒரு கிழமைக்கு."

அப்பா தமையனைப் பார்த்தார்.

"அண்ணை, கடைசிச் சொல்லை மீறக்கூடாது எண்டு நீங்கள்தான் சொன்னியள்." பிறகு ஆதிரையின் பக்கம் திரும்பினார். "எழும்பி வா, பிள்ளை. இறக்காமல் பாடு."

ஆதிரை எழும்பிப் போனாள். மைக்கைக் கையில் கொடுக்கும்போது அப்பா அவளுடைய காதோடு சொன்னார்: "காலமைக் குளுசை போட்டிட்டன். இரவைக்கும் போடுவன். நீ பாடு."

அதற்குப் பிறகு அவளுக்குப் பயமிருக்கவில்லை. போனை ஒலிபெருக்கியோடு இணைத்தாள். கீ மூன்று இறங்கியபடியே இருந்தது. வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் அதைத் திறக்கவில்லை. ஒவ்வொன்றாக மூன்றையும் ஏற்றினாள். பின்வரிசையில் ஹருமி முதல் இசைத்துண்டைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தாள்.

தொடக்கம் சுலபம், அது நடந்துபோகிற இடம். முதல் பல்லவியில் குரல் மேலே போனது, நின்றது. இரண்டாவதில் மூச்சு கொஞ்சம் இடறியது. கொலோன் சனத்துக்கு ஒரு சொல்லும் விளங்காது. மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். கடைசிப் பல்லவிக்கு முன்னால் இசை அரைச் சுரம் ஏறியது. எட்டிப் பிடிக்காதே, ஏறி நின்று எடு. ஆதிரை தோள்களைத் தளர்த்தினாள். பெட்டிக்குள் கிடந்த இறுகிய உதடுகளைப் பார்த்தாள். பிறகு, தாயின் செத்த வீட்டில், முந்நூறு பேருக்கு முன்னால், பல் தெரியச் சிரித்தாள். யாரோ ஒரு மாமி "சிவ சிவா" என்று முணுமுணுத்தது கேட்டது.

அனத்தா நி.

அது அம்மாவின் குரல் இல்லை. மெல்லிசாக இருந்தது, விளிம்பில் கொஞ்சம் கிழிந்தது. ஆனால் இடம் சரி. சரியான இடத்தில் போய் நின்றது, அவள் விடும்வரை கீழே வரவில்லை.

"அநாதை நீ எண்டு பாடுறாள், பாவம் பிள்ளை," என்று முன்வரிசையில் ஒரு பெண் சொல்லி விம்மினாள். அது அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அநாதை நீ, அநாதை நீ என்று சனம் அழுதது. அப்பா மட்டும் அழவில்லை. அவர் பெட்டியோரம் நின்று, காதுக்குப் பக்கத்தில் யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைச் சரித்துக்கொண்டு கேட்டார்.

இசை ஓய்ந்தது. பின்வரிசையில் ஹருமியின் இரண்டு கைகளும் பழக்கத்தில் தட்டுவதற்கு எழும்பின. எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்ததும், சேராமல் அப்படியே நின்றன.

ஜூலியன் சுவரோரம் பட்டனுக்குப் பக்கத்தில் நின்று குடும்பத்தைப் பார்த்தான். பெரியப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

"தம்பி, இறக்கட்டோ எண்டு கேக்கிறான்."

அப்பா பெட்டியை ஒருமுறை தொட்டார்.

"ஓம் அண்ணை. இப்ப இறக்கலாம்."

மேடைக்குக் கீழே மோட்டார் தணிந்த சத்தத்தில் இயங்கத் தொடங்கியது. பெட்டி மெதுவாக இறங்கியது. பெரியப்பா, சின்னம்மா, குருக்கள், ஜூலியன் எல்லாரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். அப்பா அண்ணாந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.